பிடுங்கிய தடி

நியாயக் கூலிச் சட்டம் வந்த மறு ஆண்டு, சம்பா அறுவடையின்போது அது நடந்தது. சட்டப்படி கூலி நெல் அளக்கச் சொன்னதற்காகப் பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம் களத்தில் வைத்து அம்சத்தைத் தடியால் மண்டையில் அடித்தார். அவள் கணவன் முருகையன் பாய்ந்து தடியைப் பிடுங்கினான். பஞ்சநதம் குனிந்து, கீழே கிடந்த அரிவாளை எடுக்கப் போனார். முருகையன் அந்தத் தடியாலேயே அடித்தான். அவருடைய கை முறிந்தது.

பஞ்சநதத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முருகையன் மேல் அவர் கொடுத்த புகார் உடனே பதிவானது. அம்சம் காயத்தில் மஞ்சளை அப்பித் துணியால் கட்டிக்கொண்டாள். ஸ்டேஷனில் அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று களத்துக்கே போகவில்லை என்று சாதிக்கும்படி முருகையனிடம் சொன்னார்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். அவனுக்காக வாதாட வந்த வக்கீல் ஜெக்கரியா அதற்கு ஒப்பவில்லை. உயிரைக் காத்துக்கொள்ள அடித்தால் சட்டம் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாது என்று விளக்கினார்.

“ஆனா அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாத்தான் எதுக்கு அடிச்சேன்னு சொல்ல முடியும்ப்பா. தடிதான் உன் கைக்கு வந்துடுச்சே, அப்புறம் ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க. அவரு அரிவாள எடுக்கப் போனதப் பாத்தவங்க வந்து சொல்லணும்.”

பார்த்தவன் அப்போது களத்தில் அவர்களோடு வேலை செய்துகொண்டிருந்த பக்கிரி ஒருவன்தான். மற்ற ஆட்கள் வயலில் இருந்தார்கள். சாட்சி சொல்ல வருவதாக அவன் ஒப்புக்கொண்டான்.

கோர்ட்டில் முருகையன் நடந்ததை நடந்தபடி சொன்னான். அடித்ததை மறைக்கவில்லை. அம்சமும் சொன்னாள். பெண்டாட்டி வேறெப்படிச் சொல்வாள் என்றார் அரசுத் தரப்பு வக்கீல். பிறகு பக்கிரி கூண்டில் ஏறினான். அவன் குடிசை பண்ணை மனையில் இருந்தது. சாட்சிக்கு முதல் நாள் பண்ணை ஆட்கள் வந்து அதன் கூரையில் பாதியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முருகையனுக்கு அது தெரியாது.

“நான் வாய்க்கா பக்கம் போயிருந்தேங்க. ஒண்ணும் பாக்கலீங்க.”

அடித்ததைக் குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டுவிட்டார், அரிவாளுக்குச் சாட்சி இல்லை என்றது தீர்ப்பு. ஓராண்டு கடுங்காவல். அப்பீல் போகலாம் என்றார் ஜெக்கரியா, தரையைப் பார்த்தபடி.

“உள்ளதச் சொல்லிட்டேங்க. இனிமே சொல்றதுக்கு என்னங்க இருக்கு?” என்றான் முருகையன்.

அம்சம் ஏறிய பஸ்ஸில்தான் பக்கிரியும் ஏறினான். இடம் காலியாக இருந்தும் ஊர் வரை நின்றுகொண்டே வந்தான். இறங்கியதும் அவள் பின்னாலேயே நடந்தான்.

“புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன், தங்கச்சி?”

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த வருஷம் நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.