எந்தக் கடிகாரம்

செத்தவரின் தாடையைத் தூக்கித் துணியால் கட்டி, கொளஞ்சியம்மாள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது சடையன் பஞ்சாங்கத்தோடு உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்த தனசேகரனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"காலம்பூரா நட்சத்திரம் பாத்த ஆளு. அவுரு வூட்டுலயே நட்சத்திரம் பாக்க என்னக் கூப்புட்டுக்கினு வராங்க பாரு."

யாரும் சிரிக்கவில்லை. தனசேகரன் ஊரில் யாருக்கும் ஜாதகம் பார்த்ததில்லை. மலை மேல் வானாய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம், பால்வெளிக்கு அப்பால் இருக்கும் விண்மீன் மண்டலங்களைக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்தவர். அவை எப்படித் திரண்டன, எப்படிக் கிழடாயின என்பதுதான் வேலை. சுருள், முட்டை, மோதிச் சிதைந்தது என்று நானூற்றுப் பன்னிரண்டைத் தரம் பிரித்திருந்தார். சிறுநீரகம் கெட்டு, போன வருஷம் மனைவி கொளஞ்சியோடு வடக்கனந்தலுக்குத் திரும்பியபோது தட்டுப் பெட்டிகளும் லாரியில் கூடவே வந்து இந்த அறையில் அடுக்கப்பட்டன. கை நடுங்கத் தொடங்கியதும் அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியது அவள்தான். நாற்பது தட்டு மிச்சம். மறியல் முடிந்ததும் வானாய்வுக்கூடத்திலிருந்து ஆள் வந்து பெட்டிகளை எடுத்துப்போய் மிச்சத்தை முடிப்பதாக ஏற்பாடு.

இடஒதுக்கீட்டு மறியலுக்கு அது ஆறாம் நாள். காலையில் மூச்சு வாங்கியதும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பினார்கள். ஊர் எல்லையில் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மறியலின் முதல் நாள் அதை வெட்டியவர்களில் தனசேகரனின் அண்ணன் வீரமுத்துவும் ஒருவர். அவர் காரிலிருந்து இறங்கிப்போய் மரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, திருப்பச் சொன்னார்.

சடையன் நாழிகையை மணியாக்கிக் கணக்குப் போட்டார். மத்தியானம் ஒன்று முப்பத்தைந்துக்கு உத்திரம் பிறக்கிறது. அதற்கு முன்னால் உயிர் போயிருந்தால் பூரம், தோஷம் இல்லை. பின்னால் என்றால் அடைப்பு. உயிர் போன அறையை மூன்று மாசம் பூட்டிவிட வேண்டும்.

"சாமான எடுத்துக்கலாமா?" என்று கொளஞ்சி கேட்டாள்.

"உள்ள இருக்கறது உள்ளயேதான். துரும்பக்கூட எடுக்கக்கூடாது."

ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை மேல் மேகம் கருத்திருந்தது. ஐப்பசி மழைக்கு இந்த அறையின் ஓடு மூன்று இடத்தில் ஒழுகும். தட்டின் பூச்சில் பூசணம் பிடிக்க ஒரு வாரம் போதும்.

"ஒண்ணு இருவத்தெட்டு" என்றார் வீரமுத்து. "நான்தான் பாத்தன். செவுத்துக் கடியாரத்துல."

கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தாள். அறையில் இரண்டு கடிகாரங்கள். மாத்திரைகளுக்குப் பக்கத்தில் டைம்பீஸ். மூச்சு நின்றதும் அவள் பார்த்தது அதைத்தான். ஒன்று நாற்பது. சுவரில் இருந்தது வானாய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட நட்சத்திரக் கடிகாரம். வானத்தோடு ஓடுவது, தினம் நாலு நிமிஷம் முந்தும். பெரும்பாலான நாட்களில் ஊர் நேரத்தோடு ஒட்டாது. விடிகிறபோது பன்னிரண்டு காட்டும், கெட்டுப்போனது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். வருஷத்தில் சில நாட்கள் மட்டும் ஊர் நேரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்றைக்குப் பன்னிரண்டு நிமிஷம் பின்னால் இருந்தது.

தனசேகரனின் நோட்டில் நேரத்துக்கு அடுத்து ஒரு பத்தி உண்டு. நட்சத்திரக் கடிகாரம் என்றால் ந, ஊர்க் கடிகாரம் என்றால் ஊ. ஒருமுறை உதவியாளர் மூன்று ராத்திரிக்கு அந்த எழுத்தைப் போடாமல் விட்டுவிட்டார். தனசேகரன் அந்தத் தட்டுகளையே தள்ளிவிட்டார். கட்டுரை ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்குள் வேறு தேசத்துக்காரர் ஒருவர் அதையே எழுதிவிட்டார். ஒரு எழுத்துதானே, நீங்களே போட்டுக்கொண்டால் என்ன என்று கொளஞ்சி கேட்டதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"நீ பக்கத்துலயே இருந்தியே கொளஞ்சி" என்றார் சடையன். "இன்னா சொல்ற? நேரம் அதானா?"

வீரமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோடாலி பிடித்த உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

"அந்தக் கடியாரத்துல அதான் காட்டுச்சிங்க" என்றாள்.

சடையன் பஞ்சாங்கத்தை மூடினார். "பூரம். நாளைக்கு அமாவாச. இன்னிக்கே எடுத்துடுங்க."

தோஷம் இல்லாததால் சுவரை உடைக்காமல் வாசல் வழியாகவே எடுத்தார்கள். புளியமரத்தைத் தாண்ட முடியாமல் பாடை கரும்புக் கொல்லையில் இறங்கி ஏறியது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

பொழுது சாய்ந்ததும் கொளஞ்சி ஈரத்தலையோடு அறைக்குள் போனாள். நோட்டை எடுத்து அடுத்த வெற்று வரியைப் பிரித்தாள். தேதி போட்டாள். தட்டு எண்ணுக்கு நேரே கோடு இழுத்தாள். நேரத்தில் 1.28 என்று எழுதினாள். அடுத்த பத்தியில் ந என்று போட்டாள். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டு, கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே இருந்த பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தினாள்.