சத்தத்தைத் தின்ற குரூப்

எதையும் குடைந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று அம்மா, அக்கா, கட்டியவர் என எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. குணம் மட்டும் மாறவில்லை.

லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் முன்மேசை என்னுடையது. எந்தக் கட்டடத்தில் லிப்ட் மக்கர் செய்கிறதோ அங்கே ஆளை அனுப்புவேன். அந்த ஆட்களில் ஒருவன் என் கொழுந்தன். முதலாளியிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான், ஆகவே அவன் பெயர் கெட்டால் என் பெயரும் சேர்ந்து கெடும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த கையோடு லிப்டைத் திறந்துவிட மாட்டார்கள். மோட்டார் அறையில் நின்றுகொண்டு லிப்டை மேலும் கீழும் ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கம்பெனி குரூப்பில் போடுவார்கள். ஆளுக்கொரு கட்டடத்தில் இருக்கும் மற்றவர்கள் அதைக் காதில் வைத்துக் கேட்டு, இரண்டு பேராவது சம்மதம் சொன்னால்தான் லிப்டுக்கு விடுதலை. பேரிங் தேய்ந்தால் ஒரு முனகல், கம்பிக்கயிறு தளர்ந்தால் ஒரு உரசல் என்று எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

குரூப் என்றால் எல்லார் கைப்பேசியிலும் இருக்கும் அதே ஆப்தான். அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட சில வாரங்களில்தான் கொழுந்தனுக்குச் சனி பிடித்தது.

"கேளுங்கண்ணே, கிர்ருனு வருது பாருங்க" என்று அவன் பதிவு போடுவான். "ஒண்ணும் வரலையே தம்பி, வெண்ணெய் மாதிரி ஓடுது. திறந்து விடு" என்று பதில் வரும். இவன் திறக்க மாட்டான். கட்டடத்துக்காரர்கள் மாடிப்படி ஏறிய கடுப்பை என்னிடம் கொட்டுவார்கள். மற்ற ஆட்களுக்கும் சந்தேகம் வந்ததுண்டாம். ஆனால் குரூப்பே சரி என்கிறபோது நமக்கென்ன வம்பு என்று திறந்துவிட்டார்கள். இவன் ஒருவன்தான் முரண்டு பிடித்தான்.

ஒருநாள் 'ஆறடி' என்று நாங்கள் கூப்பிடுபவர் நேரிலேயே போய்ப் பார்த்தார். ஆட்களிலேயே மூத்தவர் அவர், உயரம் ஐந்தடிகூடத் தேறாது, அதனால் அந்தப் பெயர். அவர் போன நேரம் பார்த்து லிப்ட் சமத்துப் பிள்ளையாக ஏறி இறங்கியது. "தம்பி காதுல பேய் பூந்திருக்கு" என்று திரும்பி வந்து அவர் சொன்னதும் கம்பெனியே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமையில இருந்து அவன் ஸ்டோர்லயே உக்காரட்டும்மா" என்றார் என்னிடம். "நட்டு போல்ட்டுல சத்தம் கேக்காதுல்ல?"

மதியம் கொழுந்தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"காது டாக்டர்கிட்ட போனியே, என்னடா சொன்னாரு?"

"பாம்புக் காதுன்னாரு அண்ணி."

"அப்புறம் என்ன?"

"அதான் பயமா இருக்கு. அங்க நிக்கும்போது நல்லா கேக்குது. என் பதிவை நானே போட்டுப் பாத்தா எனக்கே கேக்க மாட்டேங்குது. அப்ப சத்தம் லிப்டுல இல்ல, என் தலைக்குள்ளதான இருக்கு?"

அவன் தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் இல்லாத குரல்கள் கேட்டன. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் மிக்ஸியை ஓடவிட்டபடியே அக்காவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். புலம்பல்தான். பதில் வந்தது: "என்னடி, உன் வீடு இவ்ளோ அமைதியா இருக்கு? எங்க போயிருக்க?"

எங்கேயும் போகவில்லை. மிக்ஸி என் முழங்கைக்குப் பக்கத்தில் அலறிக்கொண்டிருந்தது.

மறுபடி மறுபடி பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். தட்டைக் கீழே போட்டுப் பேசினேன். மின்விசிறிக்கு அடியில் வாயைத் திறக்காமல் நின்றேன். போட்டுக் கேட்டால் குழாய் இல்லை, தட்டு இல்லை, விசிறி இல்லை. நான் மட்டும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசியதுபோலத் தெளிவாக இருந்தேன். "மாத்திரை போட்டியா?" என்று அக்கா கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று அந்த ஆப் துடைத்துப் போடுகிறது! எல்லாருக்கும் அது நல்லதுதான், எங்கள் பிழைப்பைத் தவிர. மோட்டாரே கேட்காததைத்தான் எங்கள் ஆட்கள் வெண்ணெய் ஓட்டம் என்று நம்பியிருக்கிறார்கள்.

அப்படித் துடைப்பதை நிறுத்தப் பொத்தான் உண்டா என்று ஆப் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினேன். இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

அப்போதுதான் வேறொரு ஜாதி மென்பொருள் இருப்பது தெரிந்தது. இதே குரூப் வேலையைச் செய்வதுதான், ஆனால் உள்வேலை முழுவதையும் திறந்தே வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் கணினியிலேயே நிறுவி நடத்தலாம். எங்கும் நுழையும் என் மூக்குக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒன்றல்ல, ஒரு கூடை கிடந்தது. பெயர்களைப் பார்த்தால் இருமல் மருந்து போல இருந்தன. ஒன்று பெரிய ஆபீஸுக்கானது, அறை அறையாகப் பிரித்து என்னை மிரட்டியது. இன்னொன்றில் எழுத மட்டும்தான் முடிந்தது. மூன்றாவதில் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித் தலைப்பு வைக்கலாம். அட, லிப்டுக்கு ஒரு தலைப்பு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கணினியை வீட்டுக்குத் தூக்கி வந்து துடைத்து, வழிகாட்டியைப் படித்துப் படித்து அதை நிறுவினேன். பலமுறை சொதப்பியது. கடைசியில் திரையில் ஒரு காலி குரூப் எழுந்து நின்றபோது, வீடு கட்டிக் குடிபுகுந்த மாதிரி பூரித்துப்போனேன். மிக்ஸியை ஓடவிட்டுப் பதிவு செய்து போட்டுக் கேட்டேன்.

மிக்ஸி இல்லை. இந்தப் பாவியும் துடைத்துவிட்டது.

அழுகையே வந்துவிட்டது. ஆனால் இதைச் செய்தவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று இருந்தது. அங்கே போய் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், இரைச்சலை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டேன். உலகின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் பதில் போட்டார். இரைச்சலை ஒழிக்கச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள், உங்களுக்கு அது எதற்கு என்றார். எங்களுக்கு இரைச்சல்தான் சோறு போடுகிறது என்று எழுதி, லிப்ட் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று காட்டினார். ஒரே ஒரு வரி. மாற்றினேன். மிக்ஸி காதைக் கிழித்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை கொழுந்தனிடம் இரண்டு கைப்பேசிகளைக் கொடுத்து, அவன் திறக்க மறுத்த கட்டடத்துக்கு அனுப்பினேன். ஒன்றில் பழைய ஆப், இன்னொன்றில் புதியது. "ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரே நேரத்துல பதிவு பண்ணு. சத்தம் வர்ற வரைக்கும் அங்கயே நில்லு" என்றேன். காரணம் சொல்லவில்லை. சரிவராமல் போனால் அவன் நெஞ்சு தாங்காது.

முதலாளி அறையில் ஆறடியையும் உட்கார வைத்தேன். முதலில் பழைய குரூப்பில் வந்தது. "மூணாவது மாடி தாண்டுது... கேக்குதா?" கொழுந்தனின் குரல் மட்டும்.

"அதே கதைதான்" என்றார் ஆறடி.

அடுத்ததைப் போட்டேன். "மூணாவது மாடி தாண்டுது..." அந்தக் குரலுக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. அதற்குள்ளிருந்து கிர்ர்... கிர்ர்... என்று ஒரு அரைப்பு கிளம்பி வளர்ந்து, அவனுடைய 'கேக்குதா'வையே விழுங்கியது.

ஆறடி எழுந்து நின்றுவிட்டார். "பேரிங். பேரிங் போச்சு."

"தலைக்குள்ள இல்லையே?" என்றேன் முதலாளியிடம். கொஞ்சம் திமிராகத்தான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஆறடியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஆப் மாறிய பிறகு எத்தனை லிப்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லியிருக்கிறோம் என்று அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

கொழுந்தன் திரும்பி வந்ததும் அவனுடைய பதிவை அவனுக்கே போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவ போடுங்க அண்ணி" என்றான். மறுபடி போடச் சொன்னான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

அதற்குள் ஆட்கள் எல்லோரையும் புதிய குரூப்பில் சேர்த்திருந்தேன். கடை கட்டும் நேரத்தில் அதில் ஒரு பதிவு வந்து விழுந்தது. ஆறடி போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டட லிப்ட், போன வாரம் அவரே பார்த்து முடித்தது. பேச்சே இல்லை, ஓட்டம் மட்டும். கீழே எழுதியிருந்தார்: 'எனக்குச் சரியாப் புடிபடல. கேட்டுச் சொல்லு தம்பி.'

என் மேசைக்குப் பக்கத்தில் நின்று கொழுந்தன் கண்ணை மூடிக் கேட்டான். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு மோட்டாரைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவன் விரல் திரையின் மேல் தயங்கியது. என்னைப் பார்த்தான்.

"உனக்குக் கேக்குதா?" என்றேன்.

"கேக்குது அண்ணி. லேசா."

"அப்ப எழுது."

'திறக்காதீங்கண்ணே' என்று எழுதி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. 'நிறுத்திட்டேன். நீ வா.'