லால்குடி ஆட்டம்

செபஸ்தியானைச் சமையற்கட்டு வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார்கள். முன்வாசல் லக்ஷ்மணனுக்கு.

மன்னார்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நாலு மூலைக்கும் கம்பம் நிறுத்தி மூன்று சுற்றுக் கயிறு கட்டியிருந்தார்கள். தரையில் ஜிம்மிலிருந்து கொண்டுவந்த மெத்தை. சுவரெங்கும் பழைய போஸ்டர்கள். பிச்சமுத்துவின் மல்யுத்தக் குழு கலைந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் ஒரு நாள் ஒன்றுசேரப் போகிறார்கள் என்பதையும் போன மாதம் சபீனா போனில் சொன்னபோது செபஸ்தியான் நம்பவில்லை.

சபீனா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் அத்தாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். இந்தக் கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தான்.

"என்னென்ன நடக்கும்னு சொல்லிடறேன் சார். ஒரு மணி வரைக்கும் போட்டோ. எல்லாரும் கழுத்தைப் பிடிக்கச் சொல்லுவாங்க, பிடிங்க. திட்டுவாங்க, கோச்சுக்காதீங்க. ஆசையிலதான் திட்டுவாங்க. அப்புறம் சாப்பாடு. உங்களுக்கு இங்க, அவருக்கு மாடில. மூணு மணிக்கு மேடை. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பாத்துக்கவே கூடாது."

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் அவர்கிட்ட பேசணும்மா."

"ஐயோ, வேணாம் சார். ரெண்டு பேரையும் ஒண்ணா யாராவது போட்டோ எடுத்துட்டா அவ்வளவுதான். பதினாலு வருஷப் பகை."

அவர் தலையாட்டினார். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் வந்திருந்தார்.

பழைய மஞ்சள் சட்டை தொப்பை மேல் ஏற மறுத்தது. கீழ்ப் பொத்தான் இரண்டையும் விட்டுவிட்டார். ரோடு ரோலர் செபஸ்தியான். அப்போதும் துவாக்குடியில் வெல்டர், இப்போதும் வெல்டர். சனி ஞாயிறு மட்டும் ரோடு ரோலர். வில்லனும் ஹீரோவும் ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது, ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது என்பது பிச்சமுத்துவின் சட்டம். ஆட்டத்தின் முடிவு பேசி வைத்தது என்பது பாதிக் கூட்டத்துக்குத் தெரியும். தெரிந்தாலும் அதைக் கண்ணால் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

முதலில் வந்தவன் லால்குடிக்காரன். மனைவியோடு வந்திருந்தான்.

"டேய் ரோடு ரோலர், உனக்கு நல்ல சாவே வராதுடா!" என்று கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், பேமிலியோட ஒரு போட்டோ சார்," என்றான்.

அவர் இரண்டு கழுத்தையும் இரண்டு கையில் பிடித்தார். மனைவி சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் முறைங்க சார்."

முறைத்தார்.

பதினொரு மணிக்கு மேல் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது. கழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. பவுடர் போட்டவை, செயின் போட்டவை, வேர்த்தவை. எல்லாவற்றையும் அவர் தொட்டும் தொடாமலும் பிடித்தார். "நல்லா இறுக்குங்க சார்" என்றார்கள். இறுக்கவில்லை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா சாகற வரைக்கும் உங்களைத் திட்டிட்டே இருந்தாரு சார்," என்றாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

"நல்லதும்மா," என்றார்.

அடுத்து வந்தவன் கண்ணாடி போட்டவன். ஆட்டங்களின் தேதியெல்லாம் மனப்பாடம். பெரிதாகப் பிரிண்ட் போட்ட படம் ஒன்றை மேசையில் விரித்து, பேனாவை நீட்டினான்.

"லால்குடி ஆட்டம் சார். இதுல ஒரு கையெழுத்து."

படத்தில் லக்ஷ்மணன் தலைகீழாக இருந்தார். இடுப்பைச் சுற்றி செபஸ்தியானின் கைகள். தலைக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் வேலையே. தூக்குகிறவன் தன் தொடையில் விழுகையைத் தாங்க வேண்டும், தலை பலகையைத் தொடக் கூடாது. அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் செபஸ்தியான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார். கை தளர்ந்தது. கூட்டத்தின் இரைச்சலில் தலை பலகையில் மோதிய சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"இதுல போட மாட்டேன்," என்றார்.

கண்ணாடிக்காரன் மலர்ந்துவிட்டான். "செம சார். அந்தத் திமிரு அப்படியே இருக்கு!"

"திமிர் இல்லப்பா. நிஜமாத்தான் சொல்றேன்."

"பாத்தியாடா, விடவே மாட்டேங்கறாரு!" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிக்கொண்டே படத்தைச் சுருட்டினான்.

கை தளர்ந்ததை அவர் பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னதில்லை. லக்ஷ்மணன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது பிச்சமுத்து வீட்டுக்கு வந்தார். "அந்தப் பக்கம் போயிடாத செபஸ்தி. நீ போனா ஆட்டம் அவுந்துரும்." போகவில்லை. அடுத்த வாரம் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள். லக்ஷ்மணன் கழுத்தை முறித்தவன், இன்று மாலை உங்கள் ஊரில். அவர் களத்தில் இறங்கினார். கையிரண்டையும் தூக்கி, முறிப்பதுபோலக் காற்றில் செய்து காட்டினார். பதினோரு ஊர். பிறகு ஒரு நாள் ஆட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

லக்ஷ்மணன் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்தார். செபஸ்தியான் போனார். முதல் தடவை கடையில் கூட்டம். அடுத்த தடவை ஆளில்லை. எதிர்ச் சாரியில் நின்று பார்த்தார். பக்கத்து அலமாரியிலிருந்து பேப்பர் எடுக்க லக்ஷ்மணன் தலையைத் திருப்பவில்லை. முழு உடம்பையும் திருப்பினார். செபஸ்தியான் திருவானைக்காவல் வரை நடந்தே வந்து பஸ் ஏறினார்.

சாப்பாட்டில் பாதியில் கை கழுவிவிட்டு மாடிப்படிக்கு வந்தார். படியில் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட இரண்டு பேர் காவலுக்கு நின்றார்கள்.

"தம்பி, லக்ஷ்மணன்கிட்ட ஒரு வார்த்தை."

"ரோலர் மாடிக்கு வர்றான்டோய்!" என்று ஒருவன் கூவினான்.

பந்தி எழுந்துவிட்டது. விசில். எச்சில் கையோடு போன்களைத் தூக்கினார்கள். "சாப்பிடறப்ப அடிக்க வர்றியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்று ஒரு பெரியவர் மோர்த் தம்ளரோடு ஓடிவந்தார். சபீனா கூட்டத்தை விலக்கி வந்து அவர் காதில், "சூப்பர் சார், ஆனா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

திரும்பி வந்து சமையற்கட்டில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று பட்டது. போகாமல் அங்கேயே இருந்தார்.

மூன்று மணிக்கு மேடை ஏற்றினார்கள். மண்டபம் ஒரே குரலில் ஊளையிட்டது. பிறகு முன்வாசலில் மேளம் அடித்தார்கள். லக்ஷ்மணன் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக்கோடு. இளைத்திருந்தார். இடப்பக்கம் கூப்பிட்டவர்களுக்கு இடப்பக்கம் முழுவதுமாகத் திரும்பிக் கும்பிட்டார், வலப்பக்கம் கூப்பிட்டவர்களுக்கு வலப்பக்கம். கயிற்றுக்குள் அவரை இரண்டு பேர் பிடித்து நுழைத்தார்கள்.

சபீனா செபஸ்தியானிடம் மைக்கைக் கொடுத்தாள்.

இனி வேறு இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்தது.

"லக்ஷ்மணா," என்றார். "அன்னிக்குக் கை தளர்ந்தது என் தப்பு. உன்னைப் பாக்க வராதது அதைவிடப் பெரிய தப்பு. உன் கழுத்தைச் சொல்லி பதினோரு ஊர்ல கைதட்டு வாங்கினேன். என்னை மன்னிச்சிரு."

கையை நீட்டினார்.

மண்டபம் அடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நம்பாதே லக்ஷ்மணா!"

இன்னொரு குரல். பிறகு எல்லாரும். நம்பாதே, நம்பாதே. நாற்காலிகளைத் தட்டினார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. வில்லன் மன்னிப்புக் கேட்பான், கண்ணைத் துடைப்பான், கை நீட்டுவான். ஹீரோ இரக்கப்பட்டு அந்தக் கையைப் பிடிப்பார். பிடித்ததும் இழுத்து வயிற்றில் ஒரு உதை. தமிழ்நாட்டில் இதைச் செபஸ்தியானைப்போலச் செய்தவர் இல்லை. முப்பது நாற்பது தடவை செய்திருப்பார், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். வேறு வார்த்தை அவரிடம் இல்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மடக்கினாலும் அது ஆட்டம்தான்.

லக்ஷ்மணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு வைத்து வந்து, கையைப் பிடிக்காமல் தோளைப் பிடித்தார். நெற்றி நெற்றியில் இடித்தது. கூட்டம் கத்தியது. மல்லர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதெல்லாம் இப்படிப் பிடியில் இருக்கும்போதுதான். அடுத்த அடி என்ன என்று அங்கேதான் சொல்வார்கள்.

"எத்தனை தடவை கடைக்கு வந்தே?" என்றார் லக்ஷ்மணன், உதடு அசையாமல்.

"ரெண்டு."

"ரெண்டு தடவையும் பாத்தேன். கூப்பிடத் தோணலை."

"இப்பப் பேசினது ஆட்டம் இல்ல."

"தெரியும். உனக்கு அவ்வளவு நல்லா நடிக்க வராது."

"மன்னிச்சிட்டியா?"

"தெரியலப்பா. பதினாலு வருஷமா ஒரு பக்கமாப் படுக்கறேன். அசதியா இருக்கு." அவர் மூச்சு வாங்கினார். "இதுங்க காலையிலேர்ந்து காத்துக் கெடக்குது. அடி."

"என்னால முடியாது."

"வயித்துல. மெதுவா. என்னால பழைய மாதிரி விழ முடியாது, உக்காந்து சாயறேன். கழுத்துக்குக் கீழ கையைக் குடு."

"வேணாம் லக்ஷ்மணா. பயமா இருக்கு."

"எனக்கும்தான். ம்."

செபஸ்தியான் அடித்தார். முஷ்டி சட்டைத் துணியை மட்டும் தொட்டது. லக்ஷ்மணன் மடங்கினார். செபஸ்தியானின் வலது கை அவர் பிடரிக்குக் கீழே போய்விட்டது. மடங்கி, உட்கார்ந்து, சாய்ந்தார். செபஸ்தியான் முழங்காலை ஊன்றிக் கூடவே இறங்கினார். அந்தத் தலை எத்தனை கனம் என்று கை முழுவதும் தெரிந்தது. பிடரியில் தையல் போட்ட தழும்பு உள்ளங்கையில் தட்டுப்பட்டது. மெத்தையைத் தொட நெடுநேரம் ஆனதுபோல இருந்தது.

மண்டபம் எழுந்து நின்று அவரைத் திட்டியது. கயிற்றுக்குள் ஒரு தண்ணீர் பாட்டில் வந்து விழுந்தது. "சொன்னேன்ல, சொன்னேன்ல!" என்று கண்ணாடிக்காரன் நாற்காலி மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?" என்றார் செபஸ்தியான், முறைத்துக்கொண்டே.

லக்ஷ்மணன் கண்ணை மூடியிருந்தார். "எப்பவும் வலிக்கறதுதான். கையை எடுத்துராத. இப்படியே கொஞ்சம் கெடக்கறேன்."

செபஸ்தியானுக்கு முழங்கால் கடுத்தது. அசையாமல் இருந்தார்.