பீரோவுக்குள் இருந்த டாக்டர்

கடிதம் வந்தபோது பூட்டம்மா இரும்பு பீரோவுக்குள் இடுப்பு வரைக்கும் நுழைந்து, இணையப் பெட்டியின் முதுகைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாரம் ஒரு முறை துடைப்பாள். ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, உறைக்கு மேல் இன்னொரு துணி கட்டி உள்ளே வைத்துப் பூட்டுவாள். அந்தச் சுகாதார நிலையத்தில் பிறந்த ஒரு குழந்தையைக்கூட அவள் இவ்வளவு பக்குவமாகச் சுற்றியதில்லை என்று, அவள் கையால் சுற்றப்பட்டு வளர்ந்தவர்களே சொல்வார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் பூட்டம்மா, முப்பத்தொரு வருடமாக அங்கே ஒரே நர்ஸ். இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் மூன்று தெரு முன்னாலேயே வந்துவிடும். மாடுகள் தாமாக ஒதுங்கி வழிவிடும். தும்மல் வந்தால் பாதியைத் தும்மிவிட்டு மீதியை நாளைக்கு எடுத்து வைப்பாள் என்று முடிதிருத்துபவர் தன் கத்தியின் மேல் சத்தியம் செய்வார்.

ஆனால் அது கஞ்சத்தனம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் காய்ச்சல் மருந்து தீர்ந்துபோய், கொதிக்கும் குழந்தையோடு வந்த ஒரு தாய்க்கு முன்னால் வெறுங்கையை விரித்துக் காட்ட வேண்டி வந்தது. அந்தக் குழந்தை பிழைத்து, வளர்ந்து, இன்றைக்குத் தொந்தியும் தொப்பியுமாக லாரி ஓட்டுகிறது. பூட்டம்மாவுக்கு மட்டும் அந்த வெறுங்கை மறக்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவள் அளந்து முடித்த பிறகும் போட மாட்டாள்.

இந்தக் குணத்தோடு இருந்தவளிடம்தான் எட்டு மாதத்துக்கு முன் அரசாங்கம் இணையத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தது. டாக்டரே வராத ஊருக்கு டாக்டரின் முகமாவது வரட்டும் என்று திட்டம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பஸ், நடுவில் ஓர் ஆறு. போய்ச் சேர்வதற்குள் பாதி வியாதி அலுத்துப்போய்த் தானே இறங்கிவிடும். கம்பம் நட்டார்கள், கூரையில் தட்டு மாட்டினார்கள், மேஜையில் திரை வைத்தார்கள். மாட்டியவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அவள் காதில் விழுந்தது ஒரே சொல்: மானியம். மானியத்தில் வந்த மாத்திரை தீரும், மானியத்தில் வந்த பஞ்சு தீரும். இது மட்டும் தீராதா? கம்பியை உருவிப் பெட்டியைப் பீரோவில் வைத்தாள். மாதா மாதம் இருப்புப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'இணையம், ஒன்று. செலவு, இல்லை. இருப்பு, ஒன்று.'

இப்போது வந்த கடிதம் நாலே வரி. எட்டு மாதமாக இந்த இணைப்பை யாரும் பயன்படுத்தவில்லை. இந்த மாதக் கடைசி நாள் மாலைக்குள் டாக்டரோடு இருபது ஆலோசனைகள் நடக்காவிட்டால் மானியம் நிறுத்தப்பட்டு, தேவையுள்ள வேறோர் ஊருக்கு மாற்றப்படும். 'தேவையுள்ள' என்ற சொல்லில் அவள் கண் மாட்டிக்கொண்டு நின்றது. மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது.

ஊரில் போனுக்கு சிக்னல் எடுக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் உச்சி. ஐம்பத்தேழு வயதில், சாவிக்கொத்து சகிதம், நாற்பது படி ஏறி அலுவலகத்துக்குப் பேசினாள்.

"நீங்க உபயோகமே பண்ணலையேம்மா" என்றார் குமாஸ்தா.

"பண்ணலைய்யா. பத்திரமா வெச்சிருக்கேன். ஒரு கீறல் கிடையாது."

"அதாம்மா பிரச்சினை."

முப்பத்தொரு வருடத்தில் மிச்சம் பிடித்ததற்காகத் திட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை.

இறங்கி வந்தபோது செய்தி அவளுக்கு முன்னாலேயே இறங்கி வந்திருந்தது. சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே தையல் கடை. தையல்காரி வேறு யாருமில்லை, பூட்டம்மாவின் கணவருடைய தங்கை. நாற்பது வயது. அவளுடைய கணவனுக்கு எங்கோ தொலைவில் கட்டட வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போவான். கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குண்டூசியுமாக இருந்தாலும் பேச்சு மட்டும் தடைபடாது.

"டாக்டரை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டீங்களாமே அண்ணி. மூச்சாவது விடுறாரா?"

"உன் வாய்க்கு ஒரு பூட்டு செய்யச் சொல்லியிருக்கேன். அவ்ளோ இரும்புக்கு எங்க போறதுன்னு கொல்லன் முழிக்கிறான்."

நாத்தனாரும் அண்ணியும் இப்படித்தான். இடையில் ஒரு காலம் வேறு மாதிரி இருந்தது. மூன்று முறை தையல்காரி அந்த பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்று முறையும் பூட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு போனாள். மூன்று முறையும் இருவரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கிண்டல் மட்டும் பேசிக்கொண்டார்கள். கிண்டலுக்கு அழத் தெரியாது.

மறுநாள் காலை பெட்டி மேஜைக்கு வந்தது. திரையில் ஓர் இளம் டாக்டரம்மா தோன்றினாள். பத்து நாள் தூக்கத்தைக் கடன் கொடுத்தவள் போன்ற கண்கள், ஆனால் சிரித்தாள். "எட்டு மாசமா உங்க ஊர்ப் பேர் லிஸ்ட்ல இருக்கு சிஸ்டர். எல்லாரும் அவ்ளோ ஆரோக்கியம்போலன்னு நினைச்சேன்." பூட்டம்மா சாவியைத் தடவினாள்.

ஊர் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? பெண் பார்க்க வருவதுபோல் வந்தது. முடிதிருத்துபவர் நெய்யும் பளபளப்புமாக எதையோ தலையில் தடவி, தன் முடியைத் தானே நாலு முறை வெட்டிக்கொண்டு வந்து, திரைக்கு முன் உட்கார்ந்து, "நமக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். பூட்டம்மா அவரைக் காலரைப் பிடித்து எழுப்பினாள். பள்ளிக்கூடக் காவல்காரர் போன மழைக்கு முந்தைய மழையிலிருந்து சேமித்து வைத்திருந்த காதுவலியைக் கொண்டுவந்தார். கண்டக்டரின் முழங்கால், ரொட்டிக்கடைக்காரரின் சர்க்கரை, டீச்சர் இரண்டு வருடமாகக் கைக்குட்டையில் மறைத்த இருமல். இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது என்று அவள் திகைத்தாள். ஊரே தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வலியை ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தது போலிருந்தது.

பத்தாம் நாள் முடிவில் பத்தொன்பது.

கடைசி நாள் மழை. வானத்துக்கு அடியில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்ட மாதிரி மழை. காலையிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. டாக்டரம்மா ஐந்து மணி வரைதான் இருப்பாள். நாலு மணிக்கு முடிதிருத்துபவர் குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நெஞ்சு வலின்னு எழுதிக்கங்க. நான் நல்லா நடிப்பேன்."

"கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான். உன்னுது எட்டு நிமிஷம் தாங்காது."

"ஊருக்காகத்தானேம்மா."

"இன்னிக்குப் பொய் நோய் எழுதினா, நாளைக்கு நெஜமா ஒருத்தன் நெஞ்சைப் பிடிக்கிறப்ப அந்தப் பொண்ணு ஏன் நம்பணும்? போய்யா."

அவர் போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு ஆள். ஒன்று குறைந்ததால் ஊருக்கே டாக்டர் இல்லாமல் போகப்போகிறது, அதற்குக் காரணம் தன் இடுப்பில் தொங்கும் இந்தக் கொத்து. அதை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். முப்பத்தொரு வருடம் சுமந்ததில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எதிர்க்கடையின் தையல் மெஷின் நின்றது. தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு தையல்காரி தெருவைக் கடந்து வந்தாள். அவள் எப்போதும் பாய்ந்து கடப்பவள். இன்றைக்கு ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"பேர் எழுதுங்க அண்ணி."

"வாய்க்கொழுப்புக்கு அந்தப் பொண்ணுகிட்ட மருந்து இல்லை."

"எழுதுங்க."

"என்ன நோய் உனக்கு?"

"நோய் ஒண்ணுமில்லை."

"அப்ப எழுத மாட்டேன். எனக்காகப் பாவம் பார்த்து யாரும் வர வேண்டாம்."

"ஆறாவது மாசம்" என்றாள் தையல்காரி.

பூட்டம்மா அவளுடைய அங்கியைப் பார்த்தாள். அதன் மடிப்புகளை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறாள். வாரத்துக்கு ஒரு மடிப்பு கூட்டி, வாரத்துக்கு ஒரு தையல் பிரித்து, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாகத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டதுண்டு. இவள் துணியில் மறைத்திருக்கிறாள். துணி வெட்டக் கோடு போடும் சுண்ணக்கட்டி மட்டும் ஏன் இப்படித் தீருகிறது என்று போன மாதம்கூடத் திட்டினோமே; மசக்கையில் அதைத்தான் தின்றிருக்கிறாள். ஊரின் ஒவ்வொரு கர்ப்பத்தையும் தாய்க்கு முன்னால் கண்டுபிடிக்கும் கண், எதிர்க்கடையில் குருடாகிவிட்டது.

"ஏன்டி சொல்லலை?" என்றாள் பூட்டம்மா.

"அவர்கிட்டகூடச் சொல்லலை. யாருக்கும் தெரியாம இருந்தா இந்தத் தடவை தங்கும்னு தோணிச்சு." தையல்காரி சாக்கை மடித்து ஓரமாக வைத்தாள். "பூட்டி வெச்சாத்தான் பத்திரம்னு உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

பூட்டம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். திரையை உயிர்ப்பித்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. முன்பு நடந்த மூன்றையும் தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தேதி மறந்த இடங்களைப் பூட்டம்மா சொன்னாள்; ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

"வயிறு அளந்து சொல்லுங்க சிஸ்டர்."

அளவு நாடா மூன்றாவது அலமாரியில். மேஜையிலிருந்த கொத்தை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாவி எடுப்பவளுக்கு, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, எந்தச் சாவி எதற்கென்று தெரியவில்லை. கொத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தையல்காரியின் கழுத்தில் தொங்கிய நாடாவை உருவினாள்.

"அங்குலப் பக்கம் இல்ல அண்ணி, திருப்புங்க."

"தெரியும்டி. இருபத்து நாலு சென்டிமீட்டர், டாக்டர்."

"சரியா இருக்கு. முன்னாடி எப்படி வளர்ந்ததுன்னு ஏதாவது குறிப்பு இருக்கா?"

இருக்காது என்று பூட்டம்மா வாயைத் திறப்பதற்குள் தையல்காரி தன் அளவு நோட்டை நீட்டினாள். ஊர்க்காரர்களின் இடுப்பும் தோளும் நிறைந்த நோட்டு. நடுவில் ஒரு பக்கம், தலைப்பில் 'ராணியம்மா'. அப்படி ஒரு ராணியம்மா ஊரில் இல்லை. தேதி போட்டு, திங்கள்கிழமை தவறாமல், இடுப்பளவு. முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணரை. முப்பத்திரண்டு. டாக்டரம்மா பக்கத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவரச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள். "இவ்ளோ ஒழுங்கா எங்க ஆஸ்பத்திரியிலகூட யாரும் எழுதறதில்ல."

பிறகு திரையோடு இணைந்த, குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் வைக்கச் சொன்னாள். வைத்த நொடியில் திரை உறைந்தது. டாக்டரம்மா பாதி திறந்த வாயோடு நின்றுவிட்டாள். ஒரு யுகம். மலை தேய்ந்து மண்ணாகி, மண்ணிலிருந்து மறுபடியும் மலை முளைக்கும் அளவுக்கு ஒரு யுகம். சுவர்க் கடிகாரம் மட்டும் அதைப் பன்னிரண்டு நொடி என்று சாதித்தது. தையல்காரி கையை நீட்டினாள். பூட்டம்மா பிடித்துக்கொண்டாள், அந்த பஸ்ஸில் பிடித்த அதே மாதிரி.

அப்புறம் கேட்டது. கடகடகடவென்று, நல்ல எண்ணெய் போட்ட மெஷின் அவசரத் துணி தைக்கிற மாதிரி.

"எனக்கும் கேக்குது" என்று திரை உயிர்பெற்றது. "நல்லாயிருக்கு. ஆனா அழுத்தத்தை விட்டுவைக்கக் கூடாது. மாத்திரை சொல்றேன். வாரா வாரம் இதே நாற்காலியில உட்காரணும். இந்த லைன் இல்லைன்னா நாளைக்கே இங்க வந்து படுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"பஸ்ல வர மாட்டேன்" என்றாள் தையல்காரி.

"பஸ் வேணாம். தேதி நெருங்கறப்ப நான் வண்டி அனுப்பறேன்."

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது திரை அணைந்தது. இருபது. பூட்டம்மா மழையிலேயே நாற்பது படி ஏறினாள். "கணக்கை மேல அனுப்பிட்டேன்மா" என்றார் குமாஸ்தா. "அவங்க பார்த்துச் சொல்வாங்க." என்ன சொல்வார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

இறங்கி வந்து, பழக்கத்தில் பெட்டியின் கம்பியில் கை வைத்தாள். பச்சை விளக்கு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது. கையை எடுத்துக்கொண்டாள். பெட்டியைச் சுற்றுகிற வெள்ளைத் துணி நாற்காலியில் கிடந்தது. அதை உதறி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, நாத்தனாரிடம் நீட்டினாள்.

"ஓரம் அடிச்சுக் கொண்டா."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காதே. உறுத்தாம அடி."

தையல்காரி துணியை அங்கிக்குள் வைத்து மழையிலிருந்து மறைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து அடிவைத்துத் தெருவைக் கடந்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடையில் மெஷின் ஓடத் தொடங்கியது. திறந்து கிடந்த பீரோவுக்கு முன்னால், எதுவும் சுற்றாத பெட்டி மேஜையில் உட்கார்ந்து, இருட்டிக்கொண்டு வரும் அறைக்குள் பச்சையாய் மினுக்கிக்கொண்டிருந்தது.