பாடத்தில் இல்லாத பூனை

நகரசபை பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவருக்குப் பாம்புக் காது. ஒரு மெட்டை நாலு தடவை கேட்டால் போதும், உள்ளே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். கேட்டது கேட்டபடியே உட்காரும் என்பதுதான் அதில் வில்லங்கம். பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு அவர் கற்றுக்கொண்ட மெட்டில், தட்டில் இருந்த கீறலால் ஓர் இடம் இரண்டு தடவை வரும். அவரும் இரண்டு தடவை வாசித்தார். அவரைப் பார்த்து பேண்டே இரண்டு தடவை வாசித்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஜனங்கள் கைதட்டுவது அந்தக் கீறலுக்குத்தான்.

கண் விஷயம் வேறு. எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் கூட்டி வாசிக்கப் போனால், நாலாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து கைநழுவிவிடும். நாற்பத்தாறு வயதுவரை மனைவியை நம்பியே காலத்தை ஓட்டிவிட்டார். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். வீட்டில் எழுதுவது, படிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அடுக்களை மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவின் மீதுகூட ஏதோ எழுதி ஒட்டியிருந்தாள். வேறென்ன எழுதியிருப்பாள், தொடாதே என்றுதான் எழுதியிருப்பாள். அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, மூடியைச் சத்தமில்லாமல் திறந்து, தினமும் இரண்டு பிஸ்கட் திருடித் தின்பது அவருடைய வழக்கம். இத்தனை வருஷமாக மாட்டிக்கொள்ளவே இல்லை என்பதில் மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்படியிருக்கும்போது பேண்டு மாஸ்டர் ஓய்வு பெற்றார். அடுத்த முறை இவருக்குத்தான். புதிய மாஸ்டர் மேடையில் நிகழ்ச்சி நிரலை வாசிக்க வேண்டும், வருகிற கடிதங்களைப் பார்க்க வேண்டும். ஆகவே மாலைப் பள்ளி வாசிப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று நகரசபை சொல்லிவிட்டது. இவர் தேறாவிட்டால் பதவி ட்ரம்காரருக்குப் போகும். ட்ரம்காரருக்கு பேண்டில் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. தாலாட்டைக்கூட பஸ் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிதான் அடிப்பார். இருபத்து மூன்று வருஷம் ஊதிவிட்டு, கடைசியில் அந்த ஆள் பின்னால் ஓடுவதா?

தேர்வுக்குக் கொடுத்த பாடத்தின் தலைப்பு ‘இசைக்கலைஞர்கள்’. நம்ம சமாச்சாரம்தானே என்று குஷியாகப் புத்தகத்தைத் திறந்தார். நாலு பத்தி, அதன் கீழே சொற்பொருள், அதற்கும் கீழே இலக்கணம். குஷி போன இடம் தெரியவில்லை.

“நீ வாசி. நான் போன்ல பதிவு பண்ணிக்கிறேன்,” என்றார் மனைவியிடம்.

“அது ஏமாத்து வேலை இல்லையா?”

“எல்லாப் பாட்டையும் நான் இப்படித்தானே கத்துக்கிட்டேன்?”

அவள் சமைத்துக்கொண்டே வாசித்தாள். மூன்றாவது பத்தியில் பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக உள்ளே குதித்தது. அதை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, அதே மூச்சில் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பத்து நாள், காதில் அவள் குரலும் வரியின் மேல் ஆள்காட்டி விரலுமாக, தொழில் சுத்தமாகப் பயிற்சி செய்தார். பூனை வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தனியாக நினைவில் வைத்துக்கொண்டார்.

தேர்வு நடத்திய டீச்சர் கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரியாத பெண்மணி. அவரைக் கண்டதுமே இவருடைய மூளை எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. வாய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. முதல் பத்தி அருமை. இரண்டாவது அதைவிட அருமை.

“வயலின் கலைஞர் கண்களை மூடி, வில்லை மெல்ல உயர்த்தினார். ஏய், சூ! பால்ல வாய வைக்காத! அரங்கம் அமைதியில் ஆழ்ந்தது.”

டீச்சர் சட்டென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். காலை இறக்கிவிட்டு, புத்தகத்தைப் பார்த்தார்.

“பூனை எந்த வரியில இருக்கு?”

இனி மறைத்து என்ன? போன், சமையல், பூனை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “தேறலைன்னு போட்டுடுங்க டீச்சர்,” என்றார். வெட்கம் ஒரு பக்கம், இருபத்து மூன்று வருஷம் மறு பக்கம்.

“அதை நான் பாத்துக்கிறேன். பூனை இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்ல? விரலை வச்சுக் காட்டுங்க.”

விரலை வைத்தார். வயலின். இதுதான். வில்லை. உயர்த்தினார். அப்புறம் ஒரு புள்ளி. புள்ளியைத் தாண்டினால் ‘அ’ நிற்கிறது, ‘ர’ நிற்கிறது. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

“இங்க பூனையே இல்ல டீச்சர். நேரா அரங்கம் வந்துடுது!”

டீச்சர், அவர் கேட்டே இராத வேறொரு பாடத்தைத் திறந்து வைத்தார். தபால்காரர் ஒருவரைப் பற்றி எட்டு வரி. கால் தாளம் போட, வேர்க்க விறுவிறுக்க, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆனாலும் முதல் எழுத்து கைநழுவவில்லை. பத்து நாள் விரல் சும்மா ஓடியிருக்கவில்லை போலும்.

அடுத்தது சொற்பொருள். “லயித்துன்னா என்ன?” இவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் காட்டினார். வாயால் சொல்லச் சொன்னார் டீச்சர். “ஒண்ணுலயே மூழ்கிப் போறது.”

“வாசித்தார். இதை எதிர்காலத்துல சொல்லுங்க.”

“வாசிப்பார்,” என்றவர், “நீங்க மனசு வச்சா,” என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டை மனைவியிடம் கொடுக்காமல் தானே வாசித்தார். “தேர்ச்சி. வேகம் போதாது. பாடத்தில் பூனை கிடையாது.”

பூனைக் கதையைக் கேட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. “டீச்சர் சொன்னதைக் கேட்டுட்டு வந்து ஒப்பிக்கிறீங்களா?”

“அப்படின்னா வேற எதையாவது காட்டு!” என்று நாலா பக்கமும் தேடியவரின் கண் மேல்தட்டுக்குப் போனது.

“அது வேண்டாம்,” என்றாள் அவள் அவசரமாக.

டப்பாவை இறக்கிவிட்டார். மஞ்சளாகிப்போன காகிதத்தில் விரலை வைத்தார். “அ...வ... அவருக்கு... மட்டும். வேறு யாரும்... தொட... வேண்டாம்.”

மறுபடி ஒரு தடவை வாசித்தார். இரண்டாவது தடவையும் அதேதான் இருந்தது.

“எவருக்கு?” என்றார்.

“தினம் ரெண்டு திருடித் திங்கிறவருக்கு. எழுதி ஒட்டலைன்னா வீட்டுக்கு வர்ற என் தம்பிங்க மிச்சம் வைப்பாங்களா?” டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியை டமாரென்று திறந்து நீட்டினாள். “இனிமே சத்தம் போட்டே திறங்க. காது உங்களுக்கு மட்டும்தான் இருக்குன்னு நினைச்சீங்களா?”