ஆறாம் நாளுக்கு ஓர் அறை

மொத்தம் பதினான்கு நாள், ஆயிரத்து நூறு கிலோமீட்டர். மலையடிவாரத்திலிருந்து கடல் வரைக்கும் சைக்கிளிலேயே போய்விடுவது என்று வெல்டரும் அவருடைய மைத்துனனும் முடிவு பண்ணி ஆறு மாதம் ஆகியிருந்தது. வெல்டருக்கு லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து நம்பர் சொல்கிறவன். "ஒருத்தர் நாள் பூரா கண்ணக் கெடுத்துக்கிறாரு, இன்னொருத்தன் கெட்ட கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுறான். ஜாடிக்கேத்த மூடி" என்று அவர் மனைவி கேலி பண்ணுவாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரியும். வெல்டர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை: எங்கே போனாலும் ராத்திரிக்கு அறை வேண்டும். லாட்ஜ் எத்தனை மட்டமாக இருந்தாலும் சரி, மூட்டைப்பூச்சி பிடுங்கித் தின்றாலும் சரி, நாலு சுவரும் ஒரு கதவும் இருந்தாக வேண்டும். வழியில் இருக்கிற லாட்ஜுகளுக்கெல்லாம் அவரேதான் போன் போட்டார். சைக்கிளை அறைக்குள் ஏற்றலாமா என்று கேட்பார். எந்த மாடி என்று கேட்பார். கடைசியாக, உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்குமா என்பார். அந்தக் கேள்வியில் எதிர்முனை கொஞ்சம் தயங்கும். ஒரு மேனேஜர் கேட்டே விட்டார்: "சார், உங்கள யாராச்சும் தேடுறாங்களா?"

ஆறாம் நாளில்தான் சிக்கல். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இடையில் முள்ளுக்காடு, இரண்டு பெட்ரோல் பங்க், வேறொன்றும் இல்லை.

"ஒரே ஒரு ராத்திரி மாமா. டென்ட் அடிச்சுப் படுத்தா குறைஞ்சா போயிடுவோம்?"

"மொத்தத்தையும் ஒரே நாள்ல மிதிச்சிடலாம்."

"அஞ்சு நாள் மிதிச்ச காலோடயா? பாதி வழியில நாக்குத் தள்ளிடும்."

"தள்ளட்டும். டென்ட் வேணாம்னா வேணாம்."

"பாம்புக்குப் பயமா?"

"ஆமா, பாம்புக்குத்தான்" என்றார் வெல்டர்.

அது பொய். அவர் மனைவிகூடச் சிரித்தாள். "பல்லிய வாலப் பிடிச்சு வெளிய போடுற ஆளு, பாம்புக்குப் பயமாம்."

அடுத்த ஞாயிறு நண்பகல். வீட்டுப் பின்கட்டில் வெல்டர் குந்தி உட்கார்ந்து, தரையில் நிறுத்தி அடிக்கிற இரும்புப் பம்பால் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் கடைக்கு வருகிற ஒருவரிடமிருந்து கூடாரம் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தான். மாமாவின் பயத்தை விளையாட்டாகவே தெளிய வைத்துவிடலாம் என்று அவனுக்கு எண்ணம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி பின்னால் வந்தான். உதறி விரித்த நீலத் துணியை அவர் தலைமேல் போட்டு, மேலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள பாருங்க மாமா, அரண்மனை மாதிரி இருக்கு!"

வெல்டருக்கு வார்த்தை கேட்கவில்லை. துணிக்கு வெளியே ஓர் ஆண் குரல், அவ்வளவுதான் கேட்டது. துணி மூக்கோடும் வாயோடும் ஒட்டியது. பம்பை இரண்டு கையாலும் பிடித்து, கண் மண் தெரியாமல் பக்கவாட்டில் வீசினார். எதிலோ பட்டது. மறுபடி வீசினார். எலும்பு உடைகிற சத்தம் பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி இருந்தது. மூன்றாவது வீச்சில் மேலிருந்து கட்டியிருந்த கைகளின் பிடி விட்டது. துணியை உதறிக்கொண்டு எழுந்தார்.

மைத்துனன் சுவரோரமாகக் கிடந்தான். வலது முன்கை இருக்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. சிரிக்கத் தொடங்கிய முகம் சிரிப்பை முடிக்க மறந்தது போல அப்படியே இருந்தது. "மாமா, நான்தான்" என்றான். வெல்டர் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பம்பை ஓங்கித் தோளில் ஓர் அடி, நெற்றியில் ஓர் அடி அடித்தார். ரத்தம் புருவத்திலிருந்து கிளம்பிக் காதுக்குள் இறங்கியது.

சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்த மனைவி அவரை ஒரே தள்ளாகத் தள்ளினாள். சைக்கிளோடு சைக்கிளாக அவர் விழுந்தார். பம்பைப் பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்தாள்.

"அங்கயே நில்லு! கிட்ட வந்தே, நானே உன்னக் கொன்னுடுவேன்!"

பதினேழு வருஷத்தில் அவள் அவரை "நீ" என்றது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் முன்கையின் இரண்டு எலும்பும் காறை எலும்பும் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். புருவத்தில் ஐந்து தையல். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றான் மைத்துனன். "அந்த சைக்கிள் எத்தன தடவ உங்க மேல ஏறி எறங்குச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

அவன் கல்யாணமாகாதவன், கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தான். அக்கா ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே போய்விட்டாள். வெல்டர் வேலைக்குப் போய் வந்தார். பட்டறையில் முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டால் உள்ளே மூச்சு முட்டியது. இருபது வருஷமாக மாட்டுகிற முகமூடிதான்.

நான்காம் நாள், மனைவி வேலை பார்க்கிற மருந்துக்கடைக்குப் போய் நின்றார். அவள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"என்ன வேணும்?" ஊர் பேர் தெரியாத ஆளிடம் கேட்கிற குரல்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"ஆள் வந்தா நிறுத்திக்கணும். சொல்லுங்க."

அவர் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு, இருபத்து மூன்று வயதில், பட்டறையில் கூட வேலை பார்த்த பெயிண்டரோடு வேறோர் ஊருக்கு வேலை தேடிச் சைக்கிளில் போனது. அறை எடுக்க வக்கில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் படுத்தது. அந்தப் பக்கத்தில் அப்போது தண்ணீர் மோட்டார்கள் திருடு போய்க்கொண்டிருந்தன. அது இவர்களுக்குத் தெரியாது. விடிகிற நேரத்தில் ஏழெட்டுப் பேர் கம்போடு வந்தார்கள். முதலில் கயிற்றை அறுத்தார்கள். துணி இருவர் மேலும் விழுந்தது. அதற்கப்புறம் தூசி தட்டப் போட்ட மெத்தையை அடிப்பது போல அடித்தார்கள். எந்தப் பக்கமிருந்து அடி வரும், எங்கே விழும் என்று தெரியாது. முதுகை மறைத்தால் முழங்காலில் விழுந்தது. முழங்காலை மடக்கினால் தலையில் விழுந்தது. "யார்றா நீங்க" என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. வெல்டர் கையில் சிக்கிய கத்தியால் துணியைக் கிழித்து, ஊர்ந்து வெளியே வந்து, முள்ளுக்குள் விழுந்து ஓடினார்.

"அவன் என் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். நான் நிக்கல."

பெயிண்டர் மூன்றாம் நாள் செத்துப்போனான். ஆள் மாறிப்போச்சு என்று கடைசியில் சொன்னார்கள்.

ஒரு பெண்மணி இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். மனைவி எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று விளக்கி அனுப்பினாள். பிறகு வெகுநேரம் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இத்தன வருஷம் என்கிட்ட சொல்லணும்னு தோணலயா?"

"ஓடி வந்தவன்னு எப்படிச் சொல்றது?"

"சரி. அடிச்சது தம்பின்னு தெரியாமத்தானே?"

வெல்டர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிவிடத்தான் நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"உள்ள இருந்து அடிச்சது மூணு. வெளிய வந்து, மூஞ்சியப் பாத்துட்டு அடிச்சது ரெண்டு."

அவள் நிமிர்ந்தாள். "பாத்துட்டா?"

"பாத்துட்டு."

"எதுக்கு?"

"தெரியல. அன்னிக்கு ஏரிக்கரையில ஒருத்தன் மேலகூட என் கை படல. இங்க ஒருத்தன் கீழ கெடந்தான்."

"இத அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள். "செத்தவன் கதைய மட்டும் சொல்லி, கண்ணத் தொடச்சிட்டு வந்துடாதீங்க. இந்த ரெண்டையும் சொல்லணும்."

மறுநாள் மாலை மாடிப்படி ஏறினார். மைத்துனன் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு சாய்ந்திருந்தான். பெயிண்டரைப் பற்றிக் கேட்டபோது அவன் கண் கலங்கியது. "அய்யோ மாமா, தெரியாமப் போச்சே" என்றுகூடச் சொன்னான். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு அந்த இரண்டையும் சொன்னார்.

அப்புறம் மைத்துனன் மெதுவாக எழுந்தான். தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் சொம்பை இடது கையால் எடுத்து அவர் வாயிலேயே அடித்தான். தண்ணீரும் ரத்தமும் ஒன்றாகத் தெறித்தன.

"நான்தான்னு சொன்னேன்ல! சொன்னேனா இல்லயா!"

வெல்டரின் கைகள் தாமாக எழும்பின. அவற்றை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டார். மறுபடி சொம்பு இறங்கியது. உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று ஆடி நாக்கில் விழுந்தது. "லென்ஸ் மாத்துற கை இது! இதுலதான் என் பொழப்பே இருக்கு!" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டிக் கத்திக்கொண்டே அடித்தான். எத்தனை அடி என்று இரண்டு பேருமே எண்ணவில்லை. சமையல்கட்டிலிருந்து அக்கா ஓடி வந்தபோது அவன் கை ஓய்ந்து, கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வெல்டர் இன்னமும் கைமேலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் இரண்டு முகத்தையும் பார்த்தாள். "நாசமாப் போங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்து வந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குத் திரும்பினாள். மைத்துனன் வரவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அவன் கை முழுசாக நீளவில்லை. கடையில் லென்ஸை இடது கையால் மாற்றப் பழகிக்கொண்டான் என்று அவள் சொல்லித்தான் வெல்டருக்குத் தெரியும். பயணம் போக வேண்டிய மாதம் வந்தது, போனது. வரைபடத்தை அவர் மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மைத்துனன் வந்து மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். டீயை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வெல்டர் நகர்த்தி வைத்த சர்க்கரையைத் தொடவில்லை.

"வரைபடத்த எடுங்க. எல்லா லாட்ஜுலயும் ரூம் தனித்தனி. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

"சரி" என்றார் வெல்டர்.

"பேச்சு கம்மி. வழி கேக்குறது, பஞ்சர் ஒட்டுறது, அவ்ளோதான்."

"சரி."

"ஆறாம் நாளுக்கு ஒரு இடம் விசாரிச்சு வச்சிருக்கேன். எழுபத்தெட்டாவது கிலோமீட்டர்ல லாரிகளுக்கு எடை போடுற இடம் இருக்கு. மாடியில டிரைவர்கள் படுக்க ரூம் விடுறாங்களாம்."

அவனே போன் போட்டான். தேதியைச் சொன்னான். சைக்கிளை மேலே ஏற்றலாமா என்று கேட்டான். கேட்டுக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தி, போனை உள்ளங்கையால் பொத்தினான்.

"ரூம் ஒண்ணுதான் இருக்காம். ரெண்டு கட்டில்."

வெல்டருக்கு என்ன சொன்னாலும் தப்பாகப் போய்விடும் போல இருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். எதிர்முனையில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மைத்துனன் கையை எடுத்தான். "ரெண்டு பேருன்னு எழுதிக்குங்க" என்றான்.

போனை வைத்துவிட்டு, கோணல் கையால் பென்சிலைப் பிடித்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தான். "அன்னிக்கு மட்டும் நான் தூங்க மாட்டேன்" என்றான்.

"நானும் தூங்க மாட்டேன்" என்றார் வெல்டர்.

"அப்போ ஏழாம் நாள் ரெண்டு பேரும் சேந்து பள்ளத்துல விழுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் ஏழாம் நாளுக்கான லாட்ஜின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.