நிக்காஹ் லிங்க்கில் நீலாவதி

மேடை போட்டாயிற்று, மைக் கட்டியாயிற்று, நாற்காலிகளை வரிசையாகப் பரப்பியாயிற்று. உட்காரத்தான் ஆள் இல்லை. செஞ்சி குதிரைக்காரத் தெருமுனையில் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ரூபினா காலி நாற்காலிகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். ஆளே இல்லை என்று சொன்னால் பாவம். பந்தல்காரர் ஆதிமூலம் கடைசி வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் கூட்டம் முடிந்தால் நாற்காலிகளை வண்டியில் ஏற்றலாம் என்று காத்திருந்தவர்தான்.

மேடையில் நின்ற நீலாவதி பேரூராட்சி வார்டு தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். சின்னம் தண்ணீர்க் குழாய். கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவள். அந்தக் கடையின் மாடியில்தான் ரூபினாவின் 'ரூபி லைவ்' இருக்கிறது. கல்யாணமோ நிக்காஹ்வோ காதுகுத்தோ, எதுவானாலும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் இருந்த இடத்திலேயே பார்க்கும்படி நேரலையாகக் காட்டுவது அவள் தொழில். "நீ நில்லுக்கா, தெருவே ஒன் பின்னால நிக்கும்" என்று நீலாவதியைக் கிளப்பிவிட்டதும் அவள்தான். பிரச்சாரம் அன்று மாலையோடு ஓய்கிறது. கடைசிக் கூட்டமே காலி நாற்காலிகளோடு முடிந்தால் அந்தப் படம் பொழுது விடிவதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிடும். அப்புறம் குழாய்க்குப் போட நினைத்தவர்கள்கூட, ஓட்டை எதற்கு வீணாக்குவது என்று ஒதுங்கிவிடுவார்கள்.

தெரு வராததற்கு ஒரே காரணம் கோதண்டராமன். போன முறை கவுன்சிலர், இந்த முறையும் வேட்பாளர், அதோடு தண்ணீர் லாரிக்கு முதலாளி. தெருக்குழாய் காய்ந்து இரண்டு கோடை ஆகிறது. மோட்டார் ரிப்பேர் என்றார், வால்வு ரிப்பேர் என்றார், அப்புறம் சொந்த லாரியை விட்டார். லாரி வந்த நாளிலிருந்து குழாய்க்கு நல்ல காலம் பிறக்கவே இல்லை. அன்று காலை டீக்கடையில் அவர் யாரையும் மிரட்டவில்லை. பெரிய மனுஷர், மிரட்டுவாரா? "எவன் எந்தக் கூட்டத்துக்கு வேணா போவட்டும்பா. நம்ம லாரி டிரைவருக்குக் கண்ணு இருக்குது. யாரு யாரு உக்காந்துகினு இருந்தாங்கன்னு பாத்துக்குவான்" என்று மட்டும் சொன்னார். தண்ணீரைக் கையில் வைத்திருப்பவனுக்குக் கத்தி எதற்கு? சாயங்காலம் ஆனதும் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது.

"இன்னாடி ரூபினா, ஆரம்பிக்கிறதா, எறங்கிடறதா?" என்றாள் நீலாவதி.

"ஆரம்பிக்கா. இங்க வராட்டி போறாங்க. வெளிநாட்டுல நம்ம ஊரு ஆளுங்க நாலு பேராவது பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, ரூபினா நேரலைப் பொத்தானை அமுக்கினாள்.

நீலாவதி எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தொடங்கினாள். 'பேரன்புமிக்க வாக்காளப் பெருமக்களே' என்பதற்குள் நாக்கு மூன்று இடத்தில் இடறியது. ஆனால் ரூபினாவின் திரையில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பார்ப்பவர்கள் பத்து, நாற்பது, இருநூறு என்று ஏறிக்கொண்டே போனார்கள். அடடா, நம் அக்காவுக்கு இத்தனை செல்வாக்கா என்று அவள் பூரித்துப் போனாள். அந்தப் பூரிப்பு, கீழே வந்த கமெண்டுகளைப் படிக்கும் வரைதான்.

'மாஷா அல்லாஹ்.' 'மாப்ள எங்க?' 'நிக்காஹ் நாளைக்குத்தானே, இன்னிக்கே வெச்சிட்டாங்களா?' 'பந்தல்ல ஒருத்தரும் இல்ல, எல்லாம் பிரியாணிக்குப் போயிட்டாங்களா?'

ரூபினா திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். திரையில் நீலாவதியைச் சுற்றித் தங்க நிறத்தில் பூச்சட்டம். தலைமேல் ரோஜா இதழ்கள் சொரிந்துகொண்டிருந்தன. காலடியில் 'மணமகன் ஃபர்தீன், மணமகள் ஜோயா' என்று கொட்டை எழுத்து. மறுநாள் நடக்கவிருந்த நிக்காஹ்வுக்காகப் பத்திரிகையிலேயே அச்சடித்து, உலகம் பூராவும் அனுப்பிய லிங்க்கை அவள் அவசரத்தில் அமுக்கிவிட்டிருந்தாள். தோஹா, தம்மாம், ஷார்ஜா, சிங்கப்பூர், பாரிஸ் என்று எங்கெங்கோ இருந்த ஃபோன்களில் எல்லாம் மணி அடித்து, நேரலை தொடங்கிவிட்டது என்று சொல்லியாயிற்று.

'ரூபினா, இது யாரு? என் தம்பி எங்க?' என்று எழுதியிருந்தான் யாசர். மாப்பிள்ளையின் அண்ணன். தோஹாவில் லீவு கிடைக்காமல், மணி அடித்ததும் அறையில் இருந்த நம் ஊர்ப் பையன்களை எல்லாம் டி.வி. முன் கூட்டி உட்கார வைத்தவன்.

நிறுத்திவிடலாம். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நிறுத்தினால் கல்யாண வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு லிங்க் கொடுத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் அப்புறம் நீலாவதி பேசுவதைக் கேட்க ஆதிமூலம் ஒருவர்தான் இருப்பார். அவரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்று ரூபினா விரலை எடுத்துக்கொண்டாள். மைக்கை வாங்கிக் கேமராவுக்கு முன் வந்து நின்றாள்.

"எல்லாரும் மன்னிச்சிடுங்க. லிங்க்கு மாறிப் போச்சு. நிக்காஹ் நாளைக்குத்தான். இது நம்ம தெரு தண்ணிக்கான கூட்டம். போறவங்க போவலாம். ஆனா இது உங்க வூட்டுத் தண்ணி. ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போங்க." பிறகு நீலாவதியின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "அக்கா, நாற்காலியப் பாக்காத. இந்தக் கேமரா கண்ணாடியப் பாரு. ஆயிரம் பேரு இருக்காங்க. கடையில பேசற மாதிரி பேசு."

கடையில் பேசுகிற மாதிரி என்றால் நீலாவதிக்குச் சொல்லியா தர வேண்டும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் குடம் விக்கிறவ. கொழாயில தண்ணி வந்துட்டா எவளும் ரெண்டாவது குடம் வாங்க மாட்டா. எனக்கு நஷ்டந்தான். இருந்தாலும் சொல்றேன், ரெண்டு வருஷமா தெருக்கொழாயில தண்ணி வர்ல. ஏரிக்கரை டேங்க்குல தண்ணி இருக்குது, நான் ஏறிப் பாத்தேன். அங்கேர்ந்து வர்ற பைப்பு நம்ம தெருவுக்கு வர்றதுக்குள்ள எங்கியோ திரும்பிக்குது. எங்கன்னு பாக்கப் போனா, வழியில ஒரு தோட்டத்துக் கேட்டப் பூட்டிட்டாங்க. பைப்புத் தண்ணிய வாங்கி லாரியில ஊத்தி நமக்கே விக்கறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீங்க அங்க வெயில்ல காஞ்சு அனுப்பற காசு இங்க லாரியில ஊத்திப் போவுது. ஒங்க வூட்டுப் பொம்பளைங்க இத ஒங்ககிட்ட சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க டென்சன் ஆவீங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

கமெண்டுகளுக்கு மடை திறந்துகொண்டது. 'ரெண்டு வருஷமா தண்ணி வர்லியா? எங்கம்மா சொல்லவே இல்லியே.' 'போன வாரம் கேட்டேன், எல்லாம் வருதுன்னாளே என் பொண்டாட்டி.' 'இன்னாங்கடா இது, அங்க இவ்ளோ நடந்துகினு இருக்குது, தெருவுல ஒருத்தர்கூட வரல?'

சாத்தியிருந்த கதவுகளுக்குப் பின்னால் ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்தன. ஒரு வீட்டில் பாங்கு ஒலி, அடுத்த வீட்டில் அம்மன் பாட்டு, அதற்கடுத்த வீட்டில் குழந்தைச் சிரிப்பு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரு முழுக்க அடித்தது.

முதலில் திறந்த கதவு ஹபீபாவுடையது. மாப்பிள்ளைக்கும் யாசருக்கும் அம்மா. கூட்டம் கேட்க அவர் வரவில்லை, சண்டை போட வந்தார்.

"அடியே ரூபினா! எம் புள்ள கல்யாணத்துல ஓட்டு கேக்கறியா? பத்திரிகையில போட்ட லிங்க்குடி அது!"

ரூபினா வாயைத் திறப்பதற்குள், ஹபீபாவின் கையிலிருந்த ஃபோனே பேசியது. "அம்மா, சண்ட அப்பறம் போட்டுக்கலாம். மொதல்ல அப்பிடியே அந்தச் சேர்ல உக்காரு. ஒன்ன நான் பாக்கணும்." யாசரின் குரல்.

கல்யாண நேரலை எடுக்கிறவளுக்கு ஒரு தொழில் ரகசியம் தெரியும். கடல் கடந்து உட்கார்ந்திருப்பவன் மணமேடையைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பான். மீதி நேரமெல்லாம் கூட்டத்தில் தன் அம்மா எங்கே, தன் பிள்ளை எங்கே என்று தேடுவான். ரூபினா சட்டென்று கேமராவை மேடையிலிருந்து நாற்காலிகள் பக்கம் திருப்பினாள். ஹபீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"தெரியறேனாடா?"

"நல்லாத் தெரியற. எளச்சிட்டம்மா நீ."

"தண்ணி தூக்கித் தூக்கித்தான்டா" என்று சொன்ன ஹபீபாவுக்கு, சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்ததை ஆயிரம் பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். ரூபினாவுக்கும் கண் நிறைந்தது. ஆனாலும் கேமராவை அசைக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு வெளிநாட்டில் யார் சும்மா இருப்பார்கள்? 'எங்கம்மாவையும் காட்டு.' 'செல்லம்மாள் வூடு மூணாவது கதவு, கூப்புடு.' 'நான் ஃபோன் பண்ணிட்டேன், இப்ப வருவா, காட்டு.' ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தலைவாரிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்தவர்கள் உண்டு. ரூபினா ஒவ்வொரு முகத்திலும் நிதானமாகக் கேமராவை நிறுத்தி நகர்ந்தாள். லாரி டிரைவரின் கண்ணுக்குப் பயந்தவர்கள் பிள்ளைகளின் கண்ணுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன. ஆதிமூலம் தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டு, இன்னும் கொண்டுவர வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரானதை அன்றுதான் செஞ்சி கண்டது.

அப்போது கடைசியாக ஒருத்தி வந்தாள். கூட்டம் கப்பென்று அடங்கியது. வந்தவள் அமிர்தவல்லி, கோதண்டராமனின் மனைவி.

அவள் நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"எம் புள்ள பாலமுரளி தோஹாவுல யாசரு ரூம்லதான் இருக்கான். இப்பத்தான் ஃபோன் பண்ணான். யம்மா, அந்த அக்கா சொல்றது நெசமான்னு கேட்டான். புள்ளகிட்ட பொய் சொல்ல வாய் வர்ல எனக்கு." ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். "நெசந்தான். எங்க தோட்டத்துல வால்வு இருக்குது. காலைல தொறப்பாரு. தொட்டி ரொம்பும், லாரி ரொம்பும். கேட்டு சாவி என்கிட்ட இருக்குது. நாளைக்கு எல்லாரும் குடத்த எடுத்துகினு வாங்க. நான் தொறந்து வுடறேன்."

அடுத்த நொடி எழுந்த சத்தத்தில் மைக்கே கீச்சிட்டது. ஹபீபா மேடைக்கு ஓடி அமிர்தவல்லியைக் கட்டிக்கொண்டார். திரையில் கமெண்டுகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. பார்ப்பவர்கள் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒருவன், 'எங்க ஊருடா, எங்க ஊரு' என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான்.

விஷயம் எட்டி, கோதண்டராமன் பைக்கில் வந்து இறங்கினார்.

"கேமராவ நிறுத்து! யாரக் கேட்டு லைவ் போடற நீ?"

"உங்களக் கேட்டுத்தான் போடணும்ணே" என்று ரூபினா கேமராவை அவர் முகத்துக்கே திருப்பினாள். "சொல்லுங்க, ஒலகமே பாக்குது."

கேமராவைக் கண்டதும் கோதண்டராமனின் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. பழக்க தோஷம். புன்னகையும் பாதி வந்துவிட்டது. அமிர்தவல்லியின் கைப்பையில் இன்னும் அணைக்காமல் இருந்த ஃபோனிலிருந்து "நைனா" என்று மகனின் குரல் வந்தபோதுதான் புன்னகை விழுந்தது. "நைனா, நான் ரூம்ல தலகாட்ட முடியல. வூட்டுக்குப் போ." கூப்பிய கையைப் பிரிக்கவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் அவர் பைக்கை நோக்கி நடந்தார். கூட்டம் வழி விட்டது. யாரும் கூச்சலிடவில்லை. அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் விசில் பறந்தது.

நீலாவதி ஜெயித்தாளா என்று கேட்பீர்கள். ஜெயித்தாள். கோதண்டராமனுக்கு டெபாசிட் தப்பியதே பெரிய காரியம். ஆனால் ரூபினா அதற்கு ஓட்டு எண்ணும் வரை காத்திருக்கவில்லை. வாக்குப்பதிவு அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று காலை அமிர்தவல்லி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, பூத்துக்கு வெகு தூரத்தில் சாலையோரம் நின்றிருந்த ரூபினாவின் ஃபோனை வாங்கி, தோஹாவுக்கு வீடியோ கால் போட்டாள். மை காயாத விரலைத் திரைக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தாள்.

"பாத்தியாடா பாலமுரளி? யாருக்குப் போட்டேன்னு மட்டும் கேக்காத, அது வெளிய சொல்லக் கூடாதாம்." மகன் சிரிப்பதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க நைனாவுக்கு இல்ல."